நூத்துவரின் இரும்புச் சட்டை

துருதான். வேறு என்னவாக இருக்கும்? விடிந்தும் விடியாத வெளிச்சத்தில் கண் ஏமாற்றுகிறது என்று ததேயு முதலில் தனக்குத்தானே சமாதானம் சொல்லிப் பார்த்தார். வேட்டித் தலைப்பால் கண்ணைத் துடைத்துவிட்டுப் பார்த்தார், கிட்டே போய்ப் பார்த்தார், எட்டி நின்று பார்த்தார். எங்கே நின்று பார்த்தாலும் வலை உலர்த்தும் கம்பில் தொங்கிய இரும்புச் சட்டை மஞ்சள்தூள் தூவிய மாதிரிதான் இருந்தது. நேற்றுப் பொழுது சாய்கிற வரைக்கும் புளி கரைத்துத் தேய்த்து, தேங்காய் நாரால் உரசி, குடிக்கிற தண்ணீரில் அலசி, முகம் தெரிகிற மாதிரி ஆக்கி வைத்த சட்டை. ராத்திரி கடற்காற்றில் நன்றாகக் காயட்டும் என்று கம்பில் மாட்டிவிட்டு நிம்மதியாகப் படுத்ததும் அவரேதான். கடற்காற்றில்! வலையைக் கடற்காற்றில் காயப்போடுகிறோம், கருவாட்டைக் காயப்போடுகிறோம், பிள்ளையின் பள்ளிக்கூடச் சட்டையைக் காயப்போடுகிறோம். இராயப்பன்துறையில் பிறந்தவனுக்கு ஈரமாக எதைப் பார்த்தாலும் கை தானாகக் கம்பைத் தேடும். அந்தக் காற்றில் உப்பு இருக்கிறது என்பது தெரியாதா? நாக்கை நீட்டினாலே தெரியுமே. மீசை முளைத்த நாளிலிருந்து கடலில் கிடந்து வெந்தவனுக்குத் தெரியாத உப்பா? தெரிந்த புத்தி தேவைப்பட்ட நேரத்தில் எங்கே படுத்துத் தூங்கியதோ. அதுவும் போகட்டும் என்றால், நெஞ்சுத் தகட்டின் நடுவில் துரு இன்னும் கருஞ்சிவப்பாக ஏறியிருந்தது, ஐந்து விரலும் உள்ளங்கையுமாக. படுக்கப் போகும் முன் எவ்வளவு வழவழப்பு என்று ஆசையாகத் தடவிப் பார்த்தாரே, அந்தக் கை. வியர்வையும் உப்புத்தானே. இந்தக் காரியத்தைச் செய்தவன் ததேயு என்று சட்டையே சாட்சி சொன்னது.

இன்றைக்குப் பெரிய வெள்ளி. பொழுது சாயும் நேரத்தில் கடற்கரை மணலில், ஆண்டவர் பாடுபட்டுச் சாகிற பாஸ்கு நாடகம். அதில் நூற்றுவர் தலைவர் ததேயு; ரோமைப் படையில் நூறு பேரை மேய்க்கிற அதிகாரி, ஆண்டவரைச் சிலுவை வரைக்கும் அடித்து நடத்திக்கொண்டு போகிறவன், கடைசியில் அவர் விலாவில் ஈட்டியால் குத்துகிறவன். ஊர் வாயில் அவன் பெயர் நூத்துவரு. மூன்று மணிச் செபத்துக்கு முன்னால், நாடகம் நடத்துகிற அண்ணாவியார் கஸ்பார் வீட்டுக்கே வந்து சட்டையைப் பார்ப்பதாக ஏற்பாடு. பார்த்து, துரு இல்லை, நாற்றம் இல்லை என்று அவர் வாயால் சொன்னால் ததேயு நூத்துவரு. இல்லையென்றால், நாகர்கோவிலில் வாடகைக்கு எடுத்து வந்து, கோயில் மண்டபத்தில் பாலிதீன் உறைகூடப் பிரிக்காமல் வைத்திருக்கும் ஃபைபர் கவசத்தைப் போட்டுக்கொண்டு ஷெல்டன் நூத்துவரு. ஷெல்டன் துபாயில் ஜிம்முக்குப் போய் உடம்பை ஏற்றிக்கொண்டு வந்தவன். நல்லவன்தான், அதுதான் இன்னும் எரிச்சல்; கெட்டவனாக இருந்தால் திட்டியாவது ஆற்றிக்கொள்ளலாம். குருத்து ஞாயிறன்று வந்து, "நீங்க ஒண்ணும் வருத்தப்படாதீங்க மாமா, எனக்கு இன்னும் வசனங்கூட மனசுல நிக்கல்ல" என்று ஆறுதல் சொல்லிவிட்டுப் போனான். பந்தி இலையில் உட்காரப் போகிறவன், எழுப்பப்படுகிறவனுக்குச் சொல்லும் ஆறுதல். இதற்கெல்லாம் காரணம் பூனை. இல்லை, பூனை என்ன செய்யும் பாவம், காரணம் எண்ணெய். இல்லை, எண்ணெய்தான் என்ன செய்யும். அந்த இடத்துக்கு வந்ததும் அவர் மனம், பாறையில் மாட்டிய வலை மாதிரி, வழக்கம்போல முன்னாலும் போகாமல் பின்னாலும் வராமல் நின்றது.

போன வருசத்துக்கு முந்தின வருசம் பாஸ்கு முடிந்து சட்டையைக் கோயில் மச்சில் ஏற்றுவதற்கு முன், மழைக்காலம் தாங்க வேண்டுமே என்று ஒரு வழி யோசித்தார். யோசிக்க என்ன இருக்கிறது? வள்ளத்துக்கு என்ன பூசுவார்கள்? மத்தி மீனைக் காய்ச்சி இறக்கிய எண்ணெய். மரம் உளுக்காமல், உப்புத் தண்ணீர் உள்ளே ஏறாமல் கிடப்பதென்றால் அந்த எண்ணெயால்தான். மரத்துக்கு ஆகிறது இரும்புக்கு ஆகாதா? நெஞ்சுத் தகடு, முதுகுத் தகடு, தலைக்கவசம், முழங்காலுக்குக் கீழே கட்டும் தகடு, எல்லாவற்றிலும் அள்ளிப் பூசினார். பலன் சொல்லி மாளாது. போன வருசம் இறக்கிப் பார்த்தால் கடுகளவு துரு இல்லை. துரு வரவில்லை, பூனை வந்தது. வெயிலில் நடக்க நடக்கத் தகடு சூடேறி, பூசிய எண்ணெய் இளகி மணக்க, கருவாட்டுக் களத்துப் பூனைகள் ஒவ்வொன்றாக எழுந்து, சோம்பல் முறித்து, நூத்துவருக்குப் பின்னால் வரிசை கட்டின. ஆண்டவர் சிலுவையைச் சுமந்து முன்னால் போகிறார், சாட்டையோடு நூத்துவரு பின்னால் போகிறார், அவருக்கும் பின்னால் வாலைத் தூக்கிக்கொண்டு பூனைப் படை போகிறது. முதலில் சின்னப் பிள்ளைகள் சிரித்தார்கள். அப்புறம் பிள்ளைகளை அதட்டிய தாய்மார் சிரித்தார்கள். கல்வாரியில் ஆண்டவர் தலை சாய்க்கிற நேரம் ஒரு சினைப்பூனை அவர் கால் தகட்டை நக்கிக்கொண்டு நின்றது. சிலுவையில் தொங்கிய அமலதாசுக்கு வயிறு குலுங்கிச் சிலுவையே ஆடியது. ததேயு வாயைத் திறந்து தன்னுடைய ஒரே வசனத்தைச் சொன்னார். என்ன சொன்னார் என்று யாருக்கும் கேட்கவில்லை, அவருக்கே கேட்கவில்லை. மானம் கப்பலேறிப் போனது. அதற்குப் பிறகு, ஏலம் கூறுகிற இடத்தில் அவர் மீனைக் கொட்டினால் பின்னாலிருந்து யாராவது ஒருவன் மெல்ல மியாவ் என்பான். திரும்பிப் பார்த்தால் எல்லா முகமும் அப்பாவியாக இருக்கும். கரை தெரியாத நடுக்கடலில், பக்கத்து வள்ளத்திலிருந்துகூட மியாவ் கேட்டிருக்கிறது. ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? அந்த வெறுப்பில் போன வருசம் அவர் ஒன்றும் பூசவில்லை, கழற்றிய கையோடு மச்சில் எறிந்துவிட்டு வந்தார். மிச்சத்தை மழைக்காலம் பார்த்துக்கொண்டது.

"காலமே இரும்புகிட்ட என்ன பாவசங்கீர்த்தனம் பண்ணிக்கிட்டு நிக்கிதீரு?" அடுக்களை வாசலிலிருந்து அவருடைய வீட்டுக்காரி கிளாராள் கேட்டாள்.

"துருப் பிடிச்சிட்டு பிள்ள."

"பிடிக்காம? உப்புக் காத்துல கெட்டித் தொங்கவிட்டா, இரும்பு என்ன கருவாடாவா ஆவும்?"

"மறுபடியும் புளியப் போட்டுத் தேச்சா..."

"புளியப் போடும், தண்ணிய ஊத்தும், மறுபடியும் தொங்கவிடும். நாளைக்கு ராத்திரி ஆண்டவரு உயிர்த்தே போயிருவாரு, நீரு தேச்சிக்கிட்டு இரும்."

அவள் சொன்னதில் தண்ணீர் என்கிற சொல் மட்டும் அவருக்குள் தங்கியது. ஆமாம், தண்ணீர்தான் சத்துரு. புளி துருவைத் தின்கிறது, தின்றுவிட்டு இரும்பை அம்மணமாக நிறுத்துகிறது, அம்மணமாக நிற்கிறவன் மேல் ஈரக்காற்று பட்டால் என்ன ஆகும், நடுங்கத்தானே செய்வான், இரும்பு நடுங்குவதற்குப் பெயர்தான் துரு. என்ன யோசனை இது, சாப்பிடாத வயிறு இப்படியெல்லாம் யோசிக்கும், இன்றைக்கு ஒருசந்தி வேறு, மத்தியானம் வரை கஞ்சித் தண்ணீர்கூடக் கிடையாது. தண்ணீர் வேண்டாம், உலர்ந்த பண்டத்தால்தான் தேய்க்க வேண்டும். வள்ளத்துக்குப் பெயின்ட் அடிப்பதற்கு முன் உரசுகிற தாள் ஒரு கட்டு பரணில் கிடந்தது. எடுத்து உதறினார். உப்புத்தாள். கை அப்படியே நின்றது. யார் இதற்கு உப்புத்தாள் என்று பெயர் வைத்தான்? இத்தனை நாள் எத்தனை தாள் வாங்கியிருப்பார், ஒரு நாளும் அந்தப் பெயர் உறைத்ததில்லை. ராத்திரி முழுக்க உப்புத் தின்ற இரும்பை இப்போது உப்புத்தாளாலா தேய்ப்பது? இதில் நிஜமாகவே உப்பு ஒட்டியிருந்தால்? மணல்தான், பொடி மணல்தான், தெரியும், ஆனால் மனம் ஒரு தரம் சந்தேகப்பட்டுவிட்டால் கண்ணெதிரே இருப்பதையும் நம்பாது. தாளை நாக்கில் வைத்து நக்கிப் பார்த்தார். உப்புக் கரிக்கவில்லை. நாக்கு மட்டும் தோல் உரிந்த மாதிரி எரிந்தது. அதைக் கிளாராள் பார்த்துவிட்டாள்.

"ஒருசந்தி அன்னைக்குத் தாளத் திங்குதீரே, உமக்கு என்ன கேடு?"

"உப்பு இருக்கான்னு பாத்தேன்."

அவள் சிரிக்கவில்லை. அதுதான் ஆச்சரியம். தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போனவள், மகளுடைய பள்ளிக்கூடக் காலுறை ஒரு சோடியைக் கொண்டுவந்து அவர் மடியில் எறிந்தாள். "கையில மாட்டும். இல்லன்னா துரு போற இடமெல்லாம் உம்ம கை மறுபடியும் துருவ நட்டுக்கிட்டே போவும்." வெள்ளைக் காலுறை, மேலே நீலக் கரை. இரண்டு கையிலும் மாட்டிக்கொண்டு, மணலில் காலை நீட்டி உட்கார்ந்து, ரோமைப் பேரரசின் அதிகாரி தன் நெஞ்சுத் தகட்டைத் தேய்க்கத் தொடங்கினார்.

சர்ர் சர்ர் என்கிற சத்தம் கொஞ்ச நேரத்தில் காதுக்குப் பழகிவிட்டது. பெரிய வெள்ளியில் வேலை செய்யலாமா? ஆணி அடிக்கக் கூடாது, மண்ணைக் கொத்தக் கூடாது, தலைக்கு எண்ணெய் தேய்க்கக் கூடாது என்று சொல்வார்கள். இரும்பைத் தேய்ப்பது பற்றி யாரும் எதுவும் சொன்னதில்லை. அப்படியே பாவம் என்றாலும், கொலைகாரனுக்கு இது ஒரு பாவமா? சாயங்காலம் ஆண்டவரையே குத்தப்போகிறவன். மஞ்சள் பொடி உதிர்ந்து மடியில் விழுந்தது. அடியில் சாம்பல் நிறம் தெரிந்தது, அப்புறம் கொஞ்சம் வெளிச்சம் தெரிந்தது. பக்கத்து ஊர்களில் எல்லாம் அட்டைக் கவசம், மேலே வெள்ளிக் காகிதம். இராயப்பன்துறை நூத்துவருக்கு மட்டும்தான் நிஜ இரும்பு. கரை ஒதுங்கிய எண்ணெய்ப் பீப்பாயை வெட்டி, தக்கலையில் ஒரு கொல்லரிடம் கொடுத்து அடித்து வாங்கியது. சட்டையின் உட்புறம் இப்போதும் ஏதோ நாட்டு எழுத்து புடைத்துக்கொண்டிருக்கும், போட்டுக்கொண்டால் நெஞ்சில் அழுந்தும், கழற்றினால் நெஞ்சில் அந்த எழுத்து சிவப்பாகப் பதிந்திருக்கும். அந்தக் கனம்! அதைச் சொல்லி யாருக்குப் புரியவைப்பது? அந்தக் கனம் தோளில் ஏறினால்தான் அவருக்கு முதுகு நிமிர்கிறது. மற்ற நாளில் ததேயு என்றால் யார்? பங்குக் கூட்டத்தில் எழுந்து ஒரு வார்த்தை சொல்ல வாயைத் திறந்தால், அவர் அடுத்த வார்த்தையைத் தேடுவதற்குள் வேறு ஒருவன் எழுந்து பேசி உட்கார்ந்துவிடுவான். கடலில் மீன் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று அவர் சொன்னால், சரி சரி என்று சொல்லிவிட்டு மற்றப் பக்கம் வள்ளத்தைத் திருப்புவார்கள். வீட்டைச் சொல்லவே வேண்டாம். பாஸ்கு அன்றைக்கு மட்டும் ஊர் முழுக்க வாயை மூடிக்கொண்டு அவர் வாயைப் பார்க்கும்.

அந்த ஒரே வசனம். நாடகத்தில் மற்றவர்களுக்குப் பக்கம் பக்கமாகப் பாட்டு. பிலாத்து கை கழுவிக்கொண்டே பாடுவான், யூதாசு தூக்கில் தொங்குகிற வரைக்கும் பாடுவான். நூத்துவருக்கு ஒன்றே ஒன்று, குத்திவிட்டு, நிமிர்ந்து பார்த்து, ஈட்டியைக் கீழே போட்டுவிட்டுச் சொல்ல வேண்டியது. "கொன்றேனே, கொன்றேனே, குற்றமொன்றும் இல்லானைக் கொன்றேனே." அவ்வளவுதான். ஆனால் யோசித்துப் பாருங்கள், நல்லவர்கள் எல்லாம் முதலிலிருந்தே நல்லவர்கள், கெட்டவர்கள் கடைசி வரை கெட்டவர்கள். முழு நாடகத்திலும் நூத்துவரு ஒருவன்தான் தப்புச் செய்துவிட்டு, எல்லார் முன்னாலும் நின்று, தப்பு என்று சொல்கிறவன். படைக்கு நடுவில், பட்டப்பகலில், உத்தியோகம் போனாலும் போகட்டும் என்று சொல்கிறான். அப்படி ஒரு தைரியம் ததேயுவுக்கு வாழ்நாளில் வந்ததில்லை. கடன் வாங்கியாவது வருசத்துக்கு ஒரு பொழுது அந்தத் தைரியத்தை உடுத்திக்கொள்கிறார். அதைப் போய் பூனையிடம் பறிகொடுத்தாரே! சாயங்காலமும் சிரித்துவிட்டால்? துரு இல்லாமல் நாற்றம் இல்லாமல் போய் நின்றாலும், போன வருசத்தை நினைத்துக்கொண்டு ஒருவன் சிரித்தால் போதும், ஊர் முழுக்கப் பற்றிக்கொள்ளும். சிரிப்பும் துரு மாதிரிதான், ஒரு புள்ளி போதும். கை வேகமாயிற்று. நெஞ்சுத் தகட்டில் தன்னுடைய ஐந்து விரல்களையும் ஒவ்வொன்றாகத் தேய்த்து அழித்தார். சுண்டுவிரல் மட்டும் போக மாட்டேன் என்று அடம் பிடித்தது, அதோடு கொஞ்ச நேரம் மல்லுக்கட்டினார். கடைசியில் அதுவும் போயிற்று.

இப்போது தகடு பளபளவென்று இருந்தது. பளபளப்பைப் பார்த்ததும் மறுபடியும் பயம் பிடித்துக்கொண்டது. நேற்றும் இப்படித்தானே மின்னியது. அம்மணமாக நிற்கிற இரும்பு. இதற்கு ஏதாவது உடுத்திவிட வேண்டும், சாயங்காலத்துக்குள் காற்று தின்னாமல் இருக்க. எண்ணெய் என்று நினைத்தாலே காதில் மியாவ் கேட்டது. தேங்காய் எண்ணெய்? பிசுபிசுக்கும், மணல் ஒட்டும், போகப் போகச் சிக்கு வாடை அடிக்கும். வார்னிஷ் இப்போது பூசினால் இரவு வரை காயாது. தண்ணீருக்கு இடம் கொடுக்காதது எது? யோசிக்க வேண்டும் என்று நினைத்தால் யோசனை வருமா? மனம் எங்கெங்கோ போய், ஷெல்டனுடைய தோளில் போய் உட்கார்ந்தது, அமலதாசின் குலுங்கிய வயிற்றில் போய் உட்கார்ந்தது, அங்கிருந்து தார்ப்பாயில் போய் உட்கார்ந்தது. வள்ளத்து இன்ஜினை மூடுகிற தார்ப்பாய். போன மாதம் கிழிந்து, அவர்தான் தைத்தார். தைக்கும்போது நூலை எதில் இழுத்தார்? மெழுகில். தண்ணீர் ஏறாமல் இருக்க நூலை மெழுகில் இழுத்துத்தான் தைப்பார்கள். மெழுகு! அவர் எழுந்த வேகத்தில் தலைக்கவசம் மணலில் உருண்டது.

"பிள்ள, அந்த மெழுகுக் கட்டி எங்க?"

"தார்ப்பாய்க்கே தீந்து போச்சுல்லா."

"கடையில..."

"பெரிய வெள்ளிக்கு எவன் கட தொறந்து வச்சிருக்கான் உமக்காவ?"

வெண்ணெய் திரண்டு வருகிற நேரம் தாழி உடைந்த கதை. ததேயு கையில் காலுறையோடு அப்படியே நின்றார். கோயிலில் போய்க் கேட்கலாமா என்றால், அங்கே மண்டபத்தில் ஷெல்டன் பாலிதீன் உறையைப் பிரித்துக்கொண்டிருப்பான். கேட்கப் போனாலே, சட்டை சரிப்படவில்லை போலிருக்கிறது என்று செய்தி ஊரைச் சுற்றி அவருக்கு முன்னாலேயே வீடு வந்து சேர்ந்துவிடும். போச்சு. எல்லாம் போச்சு. இனி வருசம் பூராவும், சாகிற வரைக்கும், கல்லறைக்குத் தூக்கிக்கொண்டு போகும்போதும் எவனாவது மியாவ் என்பான். கிளாராள் அவர் முகத்தைப் பார்த்தாள். உள்ளே போய் மாதா படத்துக்குப் பின்னால் கையை விட்டு ஒரு மெழுகுதிரியை எடுத்து வந்தாள். தடித்த திரி, பாதிக்கு மேல் எரியாமல் இருந்தது. ததேயுவுக்கு அது என்ன திரி என்று தெரியும். காணிக்கை மாதா திருநாளில் மந்திரித்துக் கொண்டுவந்தது. அவர் கடலில் இருக்கும்போது புயல் அடித்தால் கிளாராள் அதை ஏற்றி வைத்துவிட்டு, அவர் கரை ஏறுகிற வரைக்கும் அதற்கு முன்னால் இருந்து எழுந்திருக்க மாட்டாள்.

"இது வேண்டாம் பிள்ள. இது புயலுக்குன்னு உள்ள திரி."

"தெரியும் எனக்கு. வருசம் பூரா நீரு ராத்திரி தூக்கத்துல பூன, பூனன்னு பெனாத்துததக் கேட்டுக்கிட்டுக் கிடக்கது நானு. இதுக்கு மேல ஒரு புயலா? பிடியும்."

அவர் திரியை வாங்கினார். என்ன சொல்வது என்று தேடுவதற்குள் அவள் வழக்கம்போல அடுக்களைக்குள் போய்விட்டாள். அவர் தேங்காய்க் கதம்பையில் கனல் மூட்டினார். ஈரம் என்று பெயர் சொல்ல ஒன்றும் மிச்சம் இல்லாதபடிக்குத் தகட்டை வெயிலில் காய்ச்சி, பிறகு கனலுக்கு மேல் காட்டி, கை பொறுக்கிற சூட்டில் திரியை எடுத்து இழுத்தார். இழுத்த இடத்தில் மெழுகு உருகி, தண்ணீராக ஓடி, இரும்பின் மேல் நிழல் போல விரிந்தது. விளிம்பு, மடிப்பு, ஆணித் தலையைச் சுற்றி, வார் கோக்கும் ஓட்டைக்குள், ஓர் இடம் விடவில்லை. சூடு ஆறுவதற்குள் பழைய வேட்டித் துண்டால் துடைத்தார், மிஞ்சின மெழுகெல்லாம் துணிக்கு வந்தது, இருக்க வேண்டியது மட்டும் இருந்தது. துடைக்கத் துடைக்க இரும்புக்குள்ளிருந்து இன்னொரு மினுக்கம் எழுந்து வந்தது. புளி கொடுத்த மினுக்கம் வேறு, அது வெடுக்கென்று கண்ணைக் குத்தும்; இது ஆழமாக, அமைதியாக இருந்தது, காற்று ஓய்ந்த நேரத்துக் கடல் மாதிரி. குனிந்து மோந்து பார்த்தார். கோயில் மணம். பலிபீடத்துக்குப் பக்கத்தில் நின்றால் அடிக்குமே, அந்த மணம். அவருக்குச் சத்தம் போட்டுச் சிரிக்க வேண்டும் போல இருந்தது. பெரிய வெள்ளி என்பதால் அடக்கிக்கொண்டார்.

கஸ்பார் அண்ணாவியார் குடையும் கையுமாக வந்தார். பெரிய வெள்ளிக்கு மணி அடிக்கக் கூடாது, கோயிலில் மரக்கட்டையைத்தான் தட்டுவார்கள். அந்தக் கட்டைச் சத்தம் தூரத்தில் கேட்டுக்கொண்டிருந்தது. "என்ன ஓய், பூனையெல்லாம் சொகமா?" என்றுதான் ஆரம்பித்தார். ததேயு சட்டையைத் தூக்கி வெயிலில் காட்டினார். கஸ்பாருக்குக் கண் கூசியது. அதை ஒப்புக்கொள்ளாமல் குடையைச் சாய்த்துக்கொண்டு, நெஞ்சுத் தகட்டை மோந்தார், கக்கத்துப் பக்கம் மூக்கை வைத்து மோந்தார், உள்ளே தலையை விட்டு மோந்தார். வெளியே வந்த முகத்தில் குழப்பம் இருந்தது. பிறகு வியர்த்த பெருவிரலை நெஞ்சின் நடுவில் வைத்து ஓர் அழுத்து அழுத்தினார். ததேயுவுக்கு உயிர் போய் வந்தது. துணியால் துடைத்தார், தடம் போய்விட்டது. கஸ்பார் இன்னும் ஒரு தரம் அழுத்தினார், இவர் இன்னும் ஒரு தரம் துடைத்தார்.

"திருவிழாப் பூசைக்கு வந்த மாதிரி மணக்குதே ஓய்," என்றார் கஸ்பார். குடையை மடக்கினார். "உடுத்திக்கிட்டு வாரும். ஷெல்டன் உமக்குப் பெறத்தால ஈட்டி பிடிச்சிக்கிட்டு நிக்கட்டும்."

சந்தோசத்தில் கால் தரையில் படவில்லை என்று சொல்வார்கள். ததேயுவுக்கு நன்றாகப் பட்டது, இரும்பின் கனத்தில் ஒவ்வோர் அடியும் மணலில் புதைந்தது. பொழுது மேற்கே இறங்கிக்கொண்டிருந்தது. ஆண்டவரை முன்னால் விட்டு அவர் பின்னால் நடந்தார். தன்னைத் தான் பார்க்க முடியாதே, ஆனால் எதிரே உட்கார்ந்திருந்த சனங்களின் மேல் ஒரு வெளிச்சத் துண்டு ஊர்ந்து போவது தெரிந்தது. அவர் திரும்பினால் அதுவும் திரும்பியது, அது விழுந்த முகமெல்லாம் கூசிக் குனிந்தது. அது தன் நெஞ்சிலிருந்து போகிறது என்று புரிய அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. காது மட்டும் சிரிப்பைத் தேடிக்கொண்டே இருந்தது. எவனோ ஒருவன் பின்வரிசையிலிருந்து ஒரு மியாவ் விட்டான். இதோ வருகிறது, இதோ பற்றிக்கொள்ளப் போகிறது. பளார் என்று ஓர் அறை விழுந்த சத்தம் கேட்டது. யார் அறைந்தார்களோ, மகராசன் நன்றாக இருக்கட்டும், அதற்குப் பிறகு கடல் சத்தம் தவிர வேறு சத்தம் இல்லை. சிலுவை எழும்பியது. அமலதாசு தலை சாய்த்தான். ஷெல்டன் ஈட்டியை நீட்டினான். ததேயு அதை வாங்கி, அந்திச் சூரியனுக்கு நேராக நின்று, ஓங்கினார்.

"லேய்! குத்தாதலே!"

பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல் கிழித்துக்கொண்டு வந்தது. "செத்த பொணத்தையாலே குத்துத, சண்டாளா! ஒனக்குக் கண்ணவிஞ்சா போச்சு? அந்தக் கையி புழுத்துப் போவும்லே பாவி!" ஒரு கைப்பிடி மணல் பறந்து வந்து அவர் நெஞ்சுத் தகட்டில் மோதிச் சிதறியது. அதைத் தொடர்ந்து இன்னும் நாலைந்து குரல்கள் அழுகையும் சாபமுமாக எழுந்தன. ஓங்கிய கையோடு ததேயு ஒரு கணம் அசையாமல் நின்றார். அந்த முதல் குரல். அது யாருடைய குரல்? கிளாராளுடைய குரல். கல்யாணம் கட்டி வந்த நாளிலிருந்து நீரு, உமக்கு, உம்ம என்பதைத் தவிர அவள் வாயில் அவருக்கு வேறு சொல் வந்ததில்லை. நாறத் திட்டினாலும், நீரெல்லாம் ஒரு மனுசனா என்று மரியாதை குறையாமல்தான் திட்டுவாள். கோபத்தில் சோற்றுப்பானையைப் போட்டு உடைத்த அன்றைக்குக்கூட அவரை லே என்று கூப்பிட்டதில்லை. கூப்பிட்டுவிட்டாள். ஊர் முன்னால், தொண்டை கிழிய, லேய் என்று கூப்பிட்டுவிட்டாள். காலையில் திரி எடுத்துக் கொடுத்தவளுக்கு இந்த இரும்புக்குள்ளே தன் புருசன் நிற்பது தெரியவில்லை. அவளுக்கே தெரியவில்லை!

ததேயு ஈட்டியை ஓங்கிக் குத்தினார். கடற்கரை முழுக்க ஓவென்று அலறியது. அவர் நிமிர்ந்து பார்த்தார், ஈட்டியைக் கீழே போட்டார், அந்த அலறல் அடங்குகிற வரைக்கும், ஒரு குழந்தையின் விசும்பல்கூட ஓய்கிற வரைக்கும், ஊரையே காக்க வைத்துக்கொண்டு நின்றார். பிறகு வாயைத் திறந்தார். கொன்றேனே என்கிற முதல் சொல்லிலேயே குரல் உடைந்தது, கண்ணீர் தாரை தாரையாக இரும்பின் மேல் வழிந்தது, உப்புக் கண்ணீர், வழியட்டும். மனம் திரும்பிய நூத்துவரு எப்படி அழுகிறான் பார் என்று சனங்கள் நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதார்கள். பெண்கள் பக்கத்தில் கிளாராள்தான் எல்லாரையும்விடச் சத்தமாக அழுதாள். நூத்துவரு அழுதது சந்தோச அழுகை என்று அங்கே ஒருவருக்கும் தெரியாது.